‘தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது’

ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் வார்டில் நாங்கள் பார்த்த ஒரு கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குகிறோம். மூன்று வயதுப் பையன். ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்டிருந்தான். எவ்வளவு நீரிழப்பு, எத்தனை பாட்டில் டிரிப்ஸ், எத்தனை முறை சிறுநீர் போனான், எடை எவ்வளவு ஏறியது எல்லாம் மணிவாரியாக இருந்தன. ஓ.ஆர்.எஸ்., 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை. வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசியில் மட்டும் ஒரு வரி: சுகாதாரக் குறைவு, தாய் படிக்காதவர், கை கழுவுவது குறித்துத் தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது. பழைய இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் எடுத்துப் பார்த்தோம். அதே வரி. கையெழுத்து மட்டும் வேறு வேறு.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாங்கள் போனோம். அருந்ததியர் காலனி. ஊர்த் தொட்டி நிரம்பிய பிறகுதான் காலனிக் குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில் ஒரு மணி நேரம். குழாய் சாக்கடையை ஒட்டியே வருகிறது. ஓரிடத்தில் உடைந்து, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். குழாயில் அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் சாக்கடை உள்ளே இறங்கும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். நான்கு நாளுக்கு வேண்டும் என்பதால் அதையும் விடாமல் டிரம்மில் பிடித்துவைக்கிறார்கள். அந்த அம்மாவின் வீட்டில் சோப்பு இருந்தது. கை கழுவவும் அவருக்குத் தெரியும். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதைத்தான் மூன்று முறையும் யாரும் சொல்லவில்லை.

அந்த வரியை எழுதிய பி.ஜி. மாணவியின் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. முப்பது மணி நேர டூட்டியின் முடிவில், அடுத்த கட்டிலில் வலிப்போடு ஒரு குழந்தை கிடக்கும்போது எழுதிய வரி அது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள், அவரும் எழுதினார். எங்கள் கோபம் அந்த வரியைச் சொல்லிக்கொடுத்த படிப்பின் மீது. எம்.டி. குழந்தை மருத்துவம் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் ஒரு குழந்தையின் உடலை அணு அணுவாகப் படிக்கிறார்கள். அந்த உடல் எந்தத் தெருவிலிருந்து வருகிறது, அந்தத் தெருவுக்கு ஏன் தண்ணீர் கடைசியில் வருகிறது என்பதற்குப் பாடம் இல்லை. இருந்தாலும் அதற்குச் ‘சமூகப் பொருளாதார நிலை’ என்று பெயர் வைத்து, நான்கு மதிப்பெண் கேள்வியாக ஓரம் கட்டிவிடுகிறார்கள்.

இன்றைக்கு உலகம் முழுக்கக் குழந்தை மருத்துவப் படிப்பில் இரண்டு சொற்கள் அடிபடுகின்றன. ஒன்று சுகாதாரச் சமநீதி. இன்னொன்று குழந்தைக்காக வாதாடுதல். மருந்து எழுதுவதோடு மருத்துவரின் வேலை முடியவில்லை, குழந்தையை நோயாளியாக்கும் நிலைமையை மாற்றவும் அவர் பேச வேண்டும், அதற்கும் பயிற்சி வேண்டும் என்பது இதன் பொருள். அமெரிக்காவில் குழந்தை மருத்துவ ரெசிடென்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பே, சமூகக் குழந்தை மருத்துவமும் குழந்தைக்காக வாதாடுவதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இந்தச் சொற்கள் சீக்கிரமே நம் ஊர்க் கருத்தரங்குகளுக்கும் வந்துசேரும். வரும்போது சாதியைக் கழற்றி வைத்துவிட்டு வரும் என்பதுதான் எங்கள் பயம். ஆகவே அவை முதலில் என்னவாக இருந்தன என்பதை நாம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

1993இல் பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் பேரி ஜுக்கர்மேன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு வேலை செய்தார். ஆஸ்துமாக் குழந்தைகள் மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள், திரும்பத் திரும்ப மூச்சுத்திணறலோடு வருகிறார்கள். வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை. வீட்டுக்காரர் சரிசெய்வதில்லை. எந்த இன்ஹேலரும் சுவரைச் சரிசெய்யாது என்று அவர் கண்டார். மருத்துவமனைக்குள்ளேயே ஒரு வழக்கறிஞரை வேலைக்கு வைத்தார். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. மருத்துவமும் சட்டமும் கைகோத்த இந்த முறை அதன் பிறகு அங்கே நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குப் பரவியது.

இரண்டாவது, ஃபிளின்ட். மிச்சிகன் மாநிலத்தில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரத்தின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கரைந்தது. தண்ணீர் நாறுகிறது, நிறம் மாறுகிறது என்று மக்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்றும் இல்லை, குடிக்கலாம் என்றது அரசு. அந்த ஊர் மருத்துவமனையில் குழந்தை மருத்துவ ரெசிடென்ட்களுக்குப் பயிற்சித் தலைவராக இருந்தவர் மோனா ஹன்னா-அட்டிஷா. தன் மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்தார். தண்ணீர் மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்தார். ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. 2015 செப்டம்பர் 24 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். உன் கணக்கு தப்பு என்று மாநில அதிகாரிகள் அவர் மீது பாய்ந்தார்கள். சில நாளில் அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அக்டோபரில் ஆற்றுத் தண்ணீர் நின்றது.

அந்த மக்கள் ஒன்றரை வருடம் கத்தியதை யாரும் கேட்கவில்லை, ஒரு டாக்டர் சொன்னதும் கேட்டார்கள் என்பதில் ஒரு கசப்பு இருக்கிறது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு அப்படியொரு பலம் இருக்கும்போது, அதை எந்தப் பக்கம் நின்று பயன்படுத்துவது என்பதையும் கற்றுக்கொடுத்தாக வேண்டும் அல்லவா?

தண்ணீர், குழந்தைகள், மருத்துவர். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னதும் உங்களுக்கு வேங்கைவயல் நினைவுக்கு வந்திருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிறிய தலித் குடியிருப்பில் 2022 டிசம்பரில் குழந்தைகள் வரிசையாக நோயில் விழுந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடிதண்ணீரில் கோளாறு இருக்கலாம், பாருங்கள் என்று அங்கே மருத்துவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் டிசம்பர் 26 அன்று இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறினார்கள். உள்ளே மனித மலம் மிதந்தது. மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்து 95 வருடம் கழித்து.

அந்த மருத்துவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். ‘சுகாதாரக் குறைவு, தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று அவரும் எழுதி அனுப்பியிருந்தால், அந்தத் தண்ணீரை இன்னும் எத்தனை நாள் குடித்திருப்பார்கள்? ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வி ஒருவருடைய சாமர்த்தியமாக, நல்ல மனசாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு பி.ஜி. மாணவருக்கும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம்.

அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. பரிசோதனை என்று ஊர்க்காரர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். ஆளாளுக்கு அரசியல் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தைகளின் உடம்பைப் பற்றிய பேச்சு முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. அசுத்தம் கலந்த நீரைக் குடித்தோம் என்று தெரிந்துகொண்டு வளரும் ஒரு குழந்தைக்குத் தூக்கம் எப்படி வருகிறது, பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்பது குழந்தை மருத்துவம் இல்லையா?

இப்போது பாடப்புத்தகத்துக்கு வருவோம். நகரத்துக் குடும்பங்களின் நிலையை அளக்க நம் மருத்துவ மாணவர்கள் குப்புசாமி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1976இல் வந்தது. கல்வி, தொழில், வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, குடும்பத்தை ஐந்து வகுப்பில் ஒன்றில் வைப்பார்கள். விலைவாசிக்கு ஏற்ப வருமானக் கணக்கை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். சாதி என்ற கட்டம் அதில் கிடையாது. எட்டாவது படித்த, மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் ஊர்த்தெருக்காரரும் எட்டாவது படித்த, மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் காலனிக்காரரும் அதில் ஒரே வகுப்பு. குழாயில் தண்ணீர் மட்டும் ஒரே நேரத்தில் வராது.

கிராமத்துக்கு வேறு அளவுகோல். 1964இல் உதய் பரீக் உருவாக்கியது. சமூக மருத்துவம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதில் சாதி இருக்கிறது! எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பட்டியல் சாதி என்றால் 1 மதிப்பெண். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, ஆதிக்கச் சாதி என்றால் 6. அதாவது சாதி இங்கே நோயின் காரணம் அல்ல, குடும்பத்தின் தகுதி. நிலம், மாடு, வீடு போல அதுவும் ஒரு சொத்து. வருணத்தை மதிப்பெண் பட்டியலாக மாற்றிக் கையில் கொடுத்து, இதை வைத்துக் கிராமத்தை அள என்கிறார்கள். ஒன்றில் சாதியே இல்லை. இன்னொன்றில் சாதி நம்மை அடியில் வைக்கிறது. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சாதி குழந்தையின் உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், பட்டியல் சாதியில் 43 விழுக்காடு, பழங்குடியினரில் 44. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் மூன்றிலும் சேராத மற்றவர்களில் 31. அடுத்த ஆய்வில், 2019-21இல், எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்தது. பட்டியல் சாதிக்கு 39, பழங்குடிக்கு 41. படி மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டின் சராசரி 25, நாட்டின் சராசரி 35க்கு மேல். நம் மாநிலத்தின் அங்கன்வாடியும் சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையமும் சாதித்தது அது, பெருமைப்படலாம். ஆனால் சராசரி என்பது ஊரையும் காலனியையும் ஒன்றாகக் கூட்டி வகுப்பது. சராசரியைக் காட்டி நம் வாயை அடைக்க முடியாது.

வறுமைதானே காரணம், சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். பொருளாதார அறிஞர்கள் அஷ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாகத் தாங்களே சொல்லும் குடும்பங்கள் எங்கெல்லாம் அதிகமோ, அங்கெல்லாம் தலித் குழந்தைகளின் உயரக் குறைவும் அதிகம் என்று கண்டார்கள். தீண்டாமை எலும்புக்குள் போகிறது என்று நாம் மேடையில் சொன்னால் உணர்ச்சிப் பேச்சு என்பார்கள். இது அளந்து பார்த்த கணக்கு.

எப்படிப் போகிறது என்பதற்குச் சங்கமித்ரா ஆச்சார்யாவின் ஆய்வு ஒரு பதில். 2010இல் வெளிவந்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் நேரடியாகப் பேசி எழுதியது. மாத்திரையைக் கையில் தராமல் மேலிருந்து போடுவது, உடம்பைத் தொட்டுப் பார்க்காமலே மருந்து சொல்வது, வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் உள்ளே நுழையாமல் வெளியிலேயே நின்றுவிட்டுப் போவது எல்லாம் அந்தக் குழந்தைகளே சொன்னவை. தொடாமல் எப்படி வயிற்றில் வீக்கம் பார்ப்பது? உள்ளே நுழையாமல் எப்படிப் பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைக் கண்டுபிடிப்பது? இது மனம் புண்படும் விஷயம் மட்டும் அல்ல. சோதனை செய்யாத வைத்தியம் தவறான வைத்தியம்.

இங்கே வாசகர்கள் சிலர் தயங்குவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து வர நாள் பிடித்தது. டாக்டர் சாதியைக் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? பள்ளியில் கேட்டார்கள், வாடகை வீட்டில் கேட்டார்கள், இப்போது ஆஸ்பத்திரியிலும் கேட்கச் சொல்கிறீர்களா என்று ஒரு தோழர் கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். பதிவேடுகளில் ஏற்கெனவே எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று கட்டம் இருக்கிறது. அது எண்ணிக்கைக்குப் போகிறது. கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சில சமயம் வார்டில் நர்ஸம்மாவின் குரல் மாறுவதற்கு மட்டும் உதவுகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது, ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று பி.ஜி. மாணவர் கேட்க வேண்டும் என்று அல்ல. வாழ்நிலையைக் கேட்க வேண்டும். தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, ஊர்த்தெருவுக்கும் அதே தொட்டியா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது, குழந்தை அங்கே போகிறதா, போனால் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறதா? கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குள் வந்தாரா, தெருமுனையில் நின்று கூப்பிட்டாரா? ராத்திரியில் 108 வந்தால் வீட்டு வாசல்வரை வண்டி வருமா, பாதையை யாராவது மறித்திருக்கிறார்களா? இப்படிக் கேட்டால் சாதி தானாக வந்து நிற்கும், குழந்தையின் தகுதியாக அல்ல, ஊரின் குற்றமாக. இதைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறதா என்று ஸ்டெதஸ்கோப்பை நான்கு இடத்தில் வைத்துக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம் அல்லவா, அதுபோல இதையும் கற்றுக்கொடுக்க முடியும். ரவுண்ட்ஸில் பேராசிரியர் இதைக் கேட்டால் மறுநாளே எல்லா மாணவரும் கேட்பார்கள். பேராசிரியர் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

மருத்துவர் அரசியல் பேசலாமா என்பது அடுத்த கேள்வி. பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பால்பவுடர் கம்பெனிகள் தாய்ப்பாலைக் கெடுத்தபோது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1992இல் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டமே வந்தது. 2012 போக்சோ சட்டம், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் மருத்துவர் உள்பட யாராக இருந்தாலும் தகவல் தர வேண்டும் என்கிறது, மறைத்தால் தண்டனை. அதற்கு வகுப்பெடுக்கிறார்கள், படிவம் நிரப்பக் கற்றுத்தருகிறார்கள். ஆக, கம்பெனிக்கு எதிராகப் பேசலாம், குற்றவாளிக்கு எதிராகப் பேசலாம். ஊருக்கு எதிராகப் பேசு என்றால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது. நாங்கள் ஒரு கல்லூரியில் பி.ஜி. மாணவர்களுக்குப் பேசப் போனபோது போக்சோ பற்றிக் கேட்டோம், எல்லாக் கையும் உயர்ந்தன. தலித் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதும், மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டோம். ஒரு கை. அந்தக் கையும் பாதி தூக்கியது. அந்த மாணவர் யார், ஏன் பாதியில் நிறுத்தினார் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பாதிக் கையைப் பற்றியும் பேச வேண்டும். நம் மாநிலத்தில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டால் நம் பிள்ளைகள் மருத்துவ மேற்படிப்புக்குள் வந்திருக்கிறார்கள். உடனே, சாதி பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா, அந்தத் தம்பியைப் பேசச் சொல்லுங்கள் என்று அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். கைடு கையெழுத்துப் போட்டால்தான் தீசிஸ், துறைத்தலைவர் மனம் வைத்தால்தான் பாஸ் என்ற இடத்தில், அந்தத் தம்பி வாய் திறப்பாரா? 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பாயல் தத்வி, பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர், தற்கொலை செய்துகொண்டார். சாதி சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று சீனியர் மருத்துவர்கள் மூன்று பேர் மீது வழக்குப் பதிவானது. அவருடைய தாய் ஆபிதா தத்வியும் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வார்டுக்குள்ளேயே சமத்துவம் இல்லாத இடத்தில், வார்டுக்கு வெளியே உள்ள சமத்துவமின்மையைப் பற்றி யார் பாடம் எடுப்பது? சமநீதிப் பயிற்சி என்பது முதலில் பேராசிரியர்களுக்கு. மாணவருக்கு அதன் பிறகு.

நாங்குநேரியையும் மறக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிகளில் சாதியை எப்படி ஒழிப்பது என்று குழு போட்டார்கள், நல்லது. பதினெட்டு வயதுவரை குழந்தைதான். அடி வாங்குகிற பிள்ளைகள், சாதி சொல்லிக் கிண்டல் செய்வதால் வயிற்று வலி, தலைவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிற பிள்ளைகள் எல்லாம் முதலில் வருவது குழந்தைகள் ஓ.பி.க்குத்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடாமல், பள்ளியில் என்ன நடக்கிறது கண்ணு என்று கேட்க அந்த ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

இதற்கெல்லாம் புதுத் துறை, புது நிதி ஒன்றும் வேண்டாம். மேற்படிப்பு மாணவர்கள் எல்லோரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது, மாவட்ட ரெசிடென்சி என்று பெயர். பல இடங்களில் அது ஆள் பற்றாக்குறையை நிரப்பும் டூட்டி, அவ்வளவுதான். குழந்தை மருத்துவ மாணவருக்கு அந்த மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாள், திரும்பத் திரும்ப அட்மிட் ஆகும் குழந்தைகளின் வீட்டுக்குப் போகும் நாளாக வையுங்கள். காலனியைச் சேர்ந்த அங்கன்வாடிப் பணியாளரையும், தூய்மைப் பணியாளர் சங்கத்துக்காரரையும் அங்கே ஆசிரியராக வையுங்கள், மதிப்பூதியம் கொடுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு குழந்தைக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அது என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்து, அதைத் தேர்வில் கேஸாக வழங்கட்டும். எம்.பி.பி.எஸ்.ஸில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, பேசும் முறை என்று வகுப்பு நடக்கிறது. கனிவாகப் பேசக் கற்றுத்தருகிறார்கள். கனிவு நல்லதுதான். நம் அம்மாக்களிடம் யாரும் கனிவாகப் பேசியதில்லை, பேசட்டும். ஆனால் உடைந்த குழாய் கனிவுக்கு அடைபடாது.

அந்தப் பி.ஜி. மாணவி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நாங்கள் எடுத்த போட்டோக்களைக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டூட்டி ஆஃபில் எங்களோடு பஸ் ஏறினார். சைக்கிள் டியூப் சுற்றிய இடத்தில் குனிந்து பார்த்துவிட்டு, “மூணு தடவை இந்தப் பையனுக்கு லைன் போட்டிருக்கோம் அண்ணா, இந்த லைனை ஒருத்தரும் பார்க்கல” என்றார். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே குடியிருப்பிலிருந்து எத்தனை குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள், எந்தெந்தத் தேதியில் என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் போட்டு, ஒரு பக்கம். துறையின் லெட்டர்பேடில் அனுப்ப அனுமதி கேட்டார். “நீ டாக்டரா, கட்சிக்காரியா?” என்று கேட்டார்களாம். வெள்ளைத் தாளில் தன் பெயரில், தன் பதிவு எண்ணோடு அனுப்பினார். இரண்டு வாரத்தில் ஆள் வந்து குழாயை மாற்றினார்கள். தண்ணீர் இன்னும் ஊர்த் தொட்டி நிரம்பிய பிறகுதான் வருகிறது. அதற்கு இன்னொரு கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

அந்தக் கடிதத்தின் மாதிரியையும் மேலே சொன்ன கேள்விகளையும் ஒரே தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி இருந்தால், விடுதி மெஸ்ஸில் சாப்பிடும் உங்கள் நண்பர்களோ அண்ணன் அக்காக்களோ இருந்தால், சொல்லுங்கள். தாளைக் கொண்டுவந்து தருகிறோம். அவர்களோடு முதல் வீட்டுக்குப் போகும்போது நாங்களும் வருகிறோம்.